சிரிக்காமல் எழுந்தவன்

ஊத்தாங்குளத்தில் அந்த வீட்டின் முன்னால் யூனிட் வேன் வந்து நின்றபோது, காலை வெயிலுக்கே தார் இளகத் தொடங்கியிருந்தது. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்குப் போகிற சாலையில் பாதி வழியில் பிரிந்து உள்ளே போனால் வருகிற ஊர் அது. பருத்தி எடுத்து முடித்த கரிசல், கை நுழைகிற அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. முத்துசெல்வம் வேனிலிருந்து இறங்கி, கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டை ஏற இறங்கப் பார்த்தான். காரை பெயர்ந்த பழைய மச்சுவீடு. பல வருஷமாகப் பூட்டிக் கிடந்ததை ஷூட்டிங்குக்காகத் திறந்திருந்தார்கள். அவன் அன்றைக்குச் சாகவேண்டிய வீடு.

சாவது அவனுக்குப் புதிதில்லை. இருபது வருஷமாகச் சென்னையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். போலீஸ்காரனாக நின்று பார்த்தான், பந்தி பரிமாறுகிறவனாகக் குனிந்து பார்த்தான், கூட்டத்தில் ஒருவனாகக் கத்திப் பார்த்தான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு சீரியலில் லாரி மோதிச் செத்தவனாகப் படுத்தபோதுதான் அவனுக்கு ஒரு வித்தை கைவசம் இருப்பது தெரியவந்தது. மூச்சு விடுவது வெளியே தெரியாது. இமை ஆடாது. ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தாலும் அசைய மாட்டான். அன்று முதல் சாவு வீட்டுக் காட்சி என்றால் அவனுக்குத்தான் போன் வரும். பாடி செல்வம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெயர் கிடைத்தது நல்ல விஷயந்தான். ஆனால் பிணத்துக்கு யார் வசனம் எழுதுவார்கள்?

இந்தப் படத்தில் எழுதியிருந்தார்கள். நாயகனின் அண்ணன் பூவனநாதன், கரிசல்காட்டில் பாடுபடுகிற சம்சாரி. தம்பியோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவன். பக்கம் பக்கமாக வசனம். ஊர்ப் பேச்சு சுத்தமாக வருகிற ஆள் வேண்டும் என்று இயக்குநர் தேடியபோது, உதவி இயக்குநர் மணிகண்டபிரபு செல்வத்தின் பெயரைச் சொன்னான். பிரபு கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க் கடைக்காரர் மகன். செல்வத்தின் வீடும் கோவில்பட்டிதான். மனைவி ஆனந்தியும் மகள் காயத்ரியும் ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். யூனிட்டோடு லாட்ஜில் தங்கவேண்டும் என்பதால் என் பாகம் முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன் என்று ஆனந்தியிடம் சொல்லியிருந்தான். சும்மா போகக்கூடாது, நடிகனாகத்தான் அந்தப் படி ஏறவேண்டும் என்று அவனுக்கு ஒரு வீம்பு.

முதல் நாளே சாவுக் காட்சி எடுப்பதில் பிரபுவுக்கு இஷ்டமில்லை. சினிமாவில் யாரும் அப்படி ஆரம்பிப்பதில்லை. ஆனால் வீட்டை வாங்கிப்போட்டிருந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, உள்ளே எடுப்பதை முதலில் எடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பரிகாரத்துக்கு எப்போதும் செய்கிறதைச் செய்துவிடுவோம் என்று பிரபு சமாதானப்பட்டுக்கொண்டான். பிணமாக நடித்தவன், மேக்கப் கலைக்கும் முன்னால் அதே இடத்தில் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். அந்தச் சிரிப்பை எந்தப் படத்திலும் சேர்க்க மாட்டார்கள். ஆனாலும் எடுப்பார்கள். இவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று யாருக்கோ சொல்லிவிடுகிற மாதிரி ஒரு பழக்கம். செல்வமும் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சிரிக்காமல் எழுந்ததில்லை.

நடுக்கூடத்தில் வவ்வால் நாற்றமும் பழைய பருத்திக்கொட்டை வாசனையும் அடித்தன. அவற்றுக்கு நடுவே இன்னொரு வாசனையும் இருந்தது. முகத்துக்குப் பூசுகிற பான்கேக் வாசனை. செல்வம் அதை இருபது வருஷமாக முகத்தில் சுமப்பவன். மேக்கப்காரர் அதற்குள் கடையைப் பரப்பிவிட்டார் என்று நினைத்தான்.

மேக்கப்காரர் அப்போதுதான் வேனிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

ஒப்பாரிக்கு நடிகைகள் வேண்டாம், ஊர்ப் பெண்களே அழட்டும் என்பது இயக்குநரின் ஆசை. அப்படி வந்தவர்களில் பேச்சித்தாய் என்று ஓர் அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பக்கத்துத் தெரு. முதலில் வாயில் சேலையை வைத்து மூடிக்கொண்டு வெட்கப்பட்டாள். உங்கள் வீட்டு ஆளுக்கு அழுகிற மாதிரி அழுங்கள் என்று இயக்குநர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். சொல்லியிருக்கக்கூடாது.

பெஞ்சில் மல்லாந்து படுத்த செல்வத்துக்கு மாலை போட்டு, நெற்றியில் காசு வைத்தார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டவேண்டிய இடத்தில் கலை உதவியாளர் தளர்வாக ஒரு முடிச்சுப் போட, பேச்சித்தாய் அதை அவிழ்த்துவிட்டுத் தானே இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு நிமிர்ந்தவள், பவுடர் பூசிய அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வெட்கம் போன இடம் தெரியவில்லை.

கேமரா ஓடத் தொடங்கியது. பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். கண்ணை மூடிக் கிடந்த செல்வத்துக்குப் பேச்சித்தாயின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"வேசங் கட்டப் போனவனே, வெறுங்கையாத் திரும்பினியே… லிங்கராசு, எந் தம்பி… வாசப்படி தெரிஞ்சு இப்பமாச்சும் வந்தியே…"

பூவனநாதன் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். இயக்குநர் வேண்டாம் என்று தலையாட்டினார். பெயரை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம், இந்த அழுகை இன்னொரு தரம் கிடைக்காது. அது உண்மைதான். அங்கே நின்ற லைட்மேன்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள்.

பெண்கள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். பேச்சித்தாயின் விரல் உதட்டில் பட்டபோது, செல்வத்தின் கால் விரல்களிலிருந்து ஏதோ விலகிப் போனது. வலியில்லை, குளிரில்லை. விரல்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அப்போது காதருகில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"தோட்டத்தை வித்துட்டு நீ போலே. நான் போக மாட்டேன். எனக்கு வேற எங்கன எடமிருக்கு?"

அது மறுநாள் செல்வம் பேசவேண்டிய வசனம். அந்தக் குரல் அதை மறுபடி சொன்னது. 'எடம்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தரம் சொன்னது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

செல்வம் கண்ணைத் திறக்கவில்லை. தொழில் பழக்கம் அப்படி.

கட் சொன்னதும் இயக்குநர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மானிட்டரில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு நீளக் காட்சியில் நெஞ்சு ஒருமுறைகூட ஏறி இறங்கவில்லை. எப்படிங்க இது என்று ஒளிப்பதிவாளர் கேட்டார். செல்வத்துக்கும் தெரியவில்லை. அதற்குள் வாசலில் வெயில் சாயப் பார்க்கிறது, அடுத்த ஷாட்டுக்குக் கேமராவைத் தூக்குங்கள் என்று குரல் வந்தது. பிரபு மட்டும் பக்கத்தில் வந்து, சிரிப்பு எடுக்கவில்லையே அண்ணாச்சி என்று தயங்கினான். இயக்குநர் வாயால் முதன்முதலாகப் பாராட்டு வாங்கியிருக்கிற நேரத்தில், பட்டிக்காட்டான் மாதிரி சாங்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் செல்வத்துக்குக் கூச்சமாக இருந்தது. விடு பிரபு, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று காலுக்குப் போட்ட கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் காலையில் டீ சட்டைக்குள் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர் பதறிக்கொண்டு துடைத்தார். நெஞ்சு சிவந்து கன்றிப்போயிருந்தது. செல்வம் அதை யாருடைய நெஞ்சையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். முழங்கால் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. நடந்தால் நடக்க முடிந்தது, கால் தரையில் படுகிற சத்தத்தை வைத்துத்தான் நடந்தான். பயப்படவேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது, பயம் வரவில்லை.

ஊர்க்காட்டில் தம்பியோடு சண்டை போடுகிற காட்சி. மொத்த யூனிட்டும் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. மேக்கப்காரர் துணியோடு செல்வத்தின் முகத்தருகே வந்து, துடைக்க ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனார். வசனம் வாயிலிருந்து வந்தது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் அறிவிக்கிற மாதிரி வந்தது. இயக்குநர் முதலில் அன்பாகச் சொன்னார், பிறகு நடித்துக் காட்டினார், பிறகு தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் அவர் போனில் பேசுவது செல்வத்தின் காதில் விழுந்தது. "பொணமா படுக்கத்தான் சார் லாயக்கு. நீங்க சொன்ன ஆளை நாளன்னிக்கு ரயில்ல அனுப்புங்க. சாவு சீனை மறுபடி எடுத்துக்கறேன்."

இருபது வருஷத்துக் கனவு ஒரு ரயில் டிக்கெட்டில் முடிகிறது. முந்தின நாளாக இருந்திருந்தால் செல்வம் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான். இப்போது தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்து, ருசி தெரியாமல் விழுங்கி முடித்தான். இந்த வேஷம் போய்விடக்கூடாது என்கிற எண்ணம் மட்டும், மரத்துப்போன உடம்புக்குள் தனியாக நின்றுகொண்டிருந்தது.

மத்தியானம் அதே காட்சியை மறுபடி எடுத்தார்கள். கடைசி வாய்ப்பு என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆக்‌ஷன் என்றதும் செல்வத்துக்கு வசனம் மறந்துபோனது. முழுவதும், ஓர் எழுத்து மிச்சமில்லாமல். எதிரே நிற்கிற நடிகர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பான்கேக் வாசனை வந்தது.

"நான் சொல்லட்டா?"

கெஞ்சுகிற குரல். சின்ன வயசுக்காரன் குரல்.

செல்வம் தலையை அசைத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

அவனுடைய வலது கை மெல்ல உயர்ந்து, கட்டைவிரலால் இடது புருவத்தை ஒருமுறை நீவிவிட்டது. பிறகு அவன் வாய் திறந்தது. "தோட்டத்தை வித்துட்டு நீ போலே" என்று அது சொன்னபோது, எதிரே நின்ற நடிகர் நிஜமாகவே ஓர் அடி பின்வாங்கினார். 'எடம்' என்ற சொல்லில் குரல் உடைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. செல்வம் இதையெல்லாம் உள்ளே எங்கோ இருந்து கேட்டுக்கொண்டிருந்தான், பக்கத்து வீட்டு டிவியைக் கேட்பது மாதிரி. கட் சொல்ல இயக்குநருக்கு மறந்துவிட்டது. சொன்ன பிறகு காடே கைதட்டியது.

ரயிலில் வரவேண்டியவருக்கு வரவேண்டாம் என்று போன் போனது.

வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் பேச்சித்தாய் நின்றிருந்தாள். அவள் கைதட்டவில்லை. புருவத்தை நீவின அந்த நொடியிலேயே அவள் கரிசலில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் கலைந்ததும் செல்வத்தைத் தேடி வந்தாள். கூடவே பிரபுவும் வந்தான்.

அவள் சொன்னது நீளமான கதையில்லை. அந்த மச்சுவீடு அவள் பிறந்த வீடு. தம்பி லிங்கராஜ் நடிக்கப்போகிறேன் என்று இருபத்திரண்டு வயதில் சென்னைக்கு ரயிலேறினான். பவுடர் டப்பாவும் கண்ணாடியுமாக நடுக்கூடத்தில் நின்று பேசிப் பேசிப் பழகுவான். போன பிறகு இரண்டு வருஷம் போன் வந்தது, பிறகு நின்றது. தேடாத இடமில்லை. செத்ததை யார் பார்த்தது, அவனுக்கு இந்த வீட்டில் ஒருத்தியும் அழக்கூடாது, அழுதால் அந்த அழுகையே அவனைக் கொன்றுவிடும் என்று அவர்கள் அம்மா வாயை அடைத்துவிட்டாள். அம்மா போன பிறகும் அழ ஓர் உடம்பு இல்லை. நேற்று அதே கூடத்தில், முகத்தில் பவுடரோடு ஒருத்தன் கிடந்ததும் அவளால் முடியவில்லை.

"பேரு சொல்லிக் கூப்புட்டுட்டேன் தம்பி. அழுததுல வந்துட்டான். பேச ஆரம்பிக்கும் முன்ன புருவத்தை நீவுதது அவன் பழக்கம்" என்றாள். "எனக்கு அவன் வேணும். ஆனா ஒம்ம உசுருல இருக்க வேண்டாம்."

பிரபுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சிரிப்பு எடுக்கவில்லை என்பதுதான் அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது. செல்வம் இன்னும் பிணமாகவேதான் கிடக்கிறான். காலியான வீடு மாதிரி யார் வேண்டுமானாலும் குடிவரலாம். அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடுவோம் என்றான். முதலாளியின் ஆளிடம் சாவி வாங்கிவருவதும் தன் பொறுப்பு என்றான்.

அதற்கு முன் ஆனந்தி போன் செய்தாள். சாப்பிட்டீர்களா என்று எப்போதும்போலத்தான் ஆரம்பித்தாள். செல்வம் சாப்பிட்டேன் என்றான்.

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது.

"யாரு பேசுதது?" என்று கேட்டாள்.

நான்தான், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தான். அவள் சரி என்று வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன், அவிய வந்தா போன் பண்ணச் சொல்லுங்க என்று சொன்ன மாதிரி இருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று செல்வம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சாயங்கால வெயில் மேற்குச் சன்னல் வழியாகக் கூடத்தில் நீளமாக விழுந்திருந்தது. அதே பெஞ்சு. அதே மாலை, வாடிப்போய். பிரபு சின்னக் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினான். பேச்சித்தாய் சுவரோரமாக நின்றாள். இந்தத் தடவை அழ மாட்டேன் என்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். செல்வம் படுத்தான். இடுப்பு வரைக்கும் ஒன்றும் இல்லை. பெஞ்சு முதுகில் படுவது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"சிரிச்சுக்கிட்டே எந்திரிங்க அண்ணாச்சி. அவ்வளவுதான்."

செல்வம் எழுந்து உட்கார்ந்தான். கேமராவின் கண்ணைப் பார்த்தான். சிரிப்பு வரும்போலத்தான் இருந்தது. கன்னத்தில் சதை இழுபட்டது. கால் விரல்களில் சுரீர் என்று ஒரு வலி ஓடியது, சந்தோஷமான வலி. எறும்பு கடிப்பது தெரிந்தது. நெஞ்சில் டீ கொட்டிய இடம் எரிந்தது. வெளியே பனைமரத்தில் காற்று உரசுவது காதில் விழுந்தது. இன்னும் ஒரு நொடி, பல் தெரிந்தால் போதும்.

"நாளைக்கு அந்தப் பெரிய சீன் இருக்கு" என்றது காதருகே குரல்.

அது மிரட்டவில்லை.

"அண்ணாச்சி, ஒரே ஒரு சீன். நான் ஒரு சீன்கூட நடிக்கல."

நாளைக்கு அண்ணன் பூவனநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற காட்சி. படத்தின் உயிரே அதுதான், ஒரே ஷாட்டில் எடுக்கப்போகிறேன் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். நன்றாக வந்தால் அடுத்த படத்திலும் நீதான் என்று தோளில் கை போட்டிருந்தார். செல்வத்துக்குத் தன்னைப் பற்றித் தெரியும். மத்தியானம் வாய்திறந்து பேசியது தானில்லை. தான் பேசினால் எப்படி இருக்கும் என்பது காலையிலேயே எல்லாரும் பார்த்தாயிற்று. சிரித்தால் வலி திரும்பும், எரிச்சல் திரும்பும், ஆனந்தி திரும்புவாள். பாடி செல்வமும் திரும்புவான்.

அவன் அவ்வளவு நேரமொன்றும் யோசிக்கவில்லை. அதுதான் இதில் கேவலம்.

இழுபட்ட சதை தளர்ந்தது. விரல்களில் வந்த வலி, வந்த வழியே போயிற்று.

"வேண்டாம் பிரபு. போவோம்" என்று மாலையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான்.

பிரபு கையைப் பிடித்தான், காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பேச்சித்தாய் செல்வத்தைப் பார்க்கவேயில்லை. அவனுக்குச் சற்றுப் பின்னால், பெஞ்சின் அந்தப் பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, போதும் வாடா என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு சேலையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காட்சியைப் பற்றி அந்த யூனிட்டில் இருந்தவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். வெடித்த கரிசலில் முழங்காலிட்டு, ஒரு கையால் மண்ணையும் ஒரு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு, பேச்சு பாதியில் அறுந்து சாய்ந்த அந்த அண்ணனைப் பார்த்து இயக்குநர் குழந்தைபோல அழுதார். ஒரே ஷாட். சாய்ந்தவன் கட் சொன்ன பிறகும் வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினான். இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று ஒளிப்பதிவாளர் கேட்டார். ரொம்பப் பக்கத்துலதான் என்று அவன் வாய் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். பிரபு மட்டும் லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பாராட்டெல்லாம் செல்வத்துக்கும் கேட்டது. கேட்கத்தான் செய்தது. இதற்குத்தானே இருபது வருஷம் என்று நினைத்துப் பார்த்தான். உள்ளே ஒன்றும் அசையவில்லை. கழுத்து வரைக்கும் அவன் இல்லாமல் போயிருந்தான். வருத்தமாவது வருகிறதா என்று தேடினான். அதுவும் கிடைக்கவில்லை.

மதியமே அன்றைய வேலை முடிந்து பேக்கப் ஆனது, படத்தில் செல்வத்தின் பாகமும் அத்தோடு முடிந்தது. யூனிட் கார் அவனைக் கோவில்பட்டியில், ரயில்வே லைன் ஓரத் தெருவில் இறக்கிவிட்டுப் போயிற்று. தெருமுனைக் கடையில் கடலைமிட்டாயும் காயத்ரிக்கு ஒரு பலூனும் வாங்கியது அவன் கைதான். வாங்கவேண்டும் என்று செல்வம் நினைத்தானா, இல்லையா என்று அவனுக்கே நிச்சயமில்லை. நாலு படிகள். நடிகனாகத்தான் ஏறவேண்டும் என்று வைத்திருந்த படிகள். கால்கள் ஏறின. கை கதவைத் தட்டியது.

ஆனந்தி திறந்தாள். ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, கதவை ஒரு கையால் பிடித்தபடி நின்றாள்.

"யாரு வேணும்?"

ஆனந்தி, நான்தான் என்று செல்வம் சொன்னான். உதடு அசையவில்லை.

அவள் நின்று பார்த்தாள். "அவிய இல்லையே. ஷூட்டிங் போயிருக்காவ. நீங்க?"

"அவரு கூட நடிக்கிறவன் தங்கச்சி" என்றது அவன் வாய். நல்ல பணிவான, இளசான குரல். "எங்க வேலை முடிஞ்சிட்டு. சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

ஆனந்தியின் முகம் மலர்ந்தது. தெருவை எட்டிப் பார்த்தாள். "அவிய பின்னால வாராவளா?"

"அவருக்கு அசதி. அங்கனயே படுத்துட்டாரு."

செல்வம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கத்திக் கூப்பிட்டான். காயத்ரியையும் கூப்பிட்டான். சத்தம் எங்கேயும் போகவில்லை. ஆனந்தி கதவை அகலத் திறந்துவிட்டு, வெயில்ல வந்திருக்கிய, உள்ள வாங்க, தண்ணி கொண்டாரேன் என்று அடுக்களைக்குப் போனாள்.

செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவிட்டு, வந்தவன் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். பீரோவுக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காயத்ரியிடம் பலூனை நீட்டினான்.

"உம் பேரு என்ன பாப்பா?" என்று கேட்டான்.